வீட்டிருப்போர் பட்டியலில் ஒரு பெயர்

லேர்டைக்
3 நவம்பர் 1763

தம்பி கிரைனுக்கு,

அக்கா யாக்கோமைன் எழுதுகிறேன். நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எடுத்த எடுப்பில் பொய் வேண்டாமே என்று விட்டுவிட்டேன். மூன்று சனிக்கிழமைகளாக எனக்கு ரொட்டி இல்லை.

ஏழை இல்லத்து முற்றத்தில் பெயர் கூப்பிடுவார்கள் அல்லவா? எனக்கு முன்னால் நின்ற பக்கத்து வீட்டு ப்ளோனைக் கூப்பிட்டார்கள். அடுத்து எனக்குப் பின்னால் நின்றவளைக் கூப்பிட்டார்கள். நடுவில் குத்துக்கல் மாதிரி நான் ஒருத்தி நிற்பது யார் கண்ணுக்கும் படவில்லை. எழுத்தர் ரோம்பௌட்டை ஓரமாக மடக்கிக் கேட்டேன்.

"உன் வாக்குமூலத்துல ஒண்ணு பொய்யாம் யாக்கோமைன். எதுன்னு சொல்ல எனக்கு உத்தரவு இல்ல. மேலாளருங்க கூப்பிடற வரைக்கும் ரொட்டியும் கிடையாது, அடுப்புக்கு எரிமண் கட்டியும் கிடையாது" என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார்.

எது பொய் என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். என் வீட்டுக்காரர் இறந்த வருடம் பட்டியலில் சேர்த்துக்கொள்ள வந்தவர்கள் பானை, சட்டி, படுக்கை, நூற்கும் ராட்டை என்று ஒன்று விடாமல் எழுதிக்கொண்டு போனார்கள். நான் கண்ணை மூடியதும் எல்லாம் இல்லத்துக்குச் சேரும், அதுதான் விதி. அம்மாவின் வேதாகமத்தை மட்டும் நான் எழுத விடவில்லை. வெள்ளிக் கொக்கி போட்ட அந்தப் புத்தகம் இன்றும் கட்டிலின் அடிப்பலகைக்குக் கீழேதான் இருக்கிறது.

யாரோ காட்டிக்கொடுத்திருக்கிறார்கள். எனக்கு ப்ளோன் மேல்தான் சந்தேகம். தெருவைப் பார்க்க ஜன்னலுக்கு வெளியே ஒரு கண்ணாடி மாட்டியிருக்கிறாளே, அதில் தெருவை விட என் கதவுதான் நன்றாகத் தெரியும். அவளோடு பேச்சை நிறுத்திவிட்டேன்.

எனக்கு ஒரே ஒரு உதவி செய். பதிவேட்டில் என் உறவு என்று உன் ஒருவன் பெயர்தான் இருக்கிறது. "அவள் என் அக்கா, நாணயமானவள்" என்று மேலாளர்களுக்கு இரண்டு வரி எழுதிப் போடு. பட்டறையில் பெரிய ஆளாகிவிட்டாய் என்று கேள்விப்பட்டேன், உன் சொல்லுக்கு மதிப்பு இருக்கும். கை விரல் வீங்கி நூற்க முடியவில்லை. இந்தக் குளிரை ரொட்டியில்லாமல் தாண்ட முடியாது.

யாக்கோமைன்


ஆம்ஸ்டர்டாம்
12 நவம்பர் 1763

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. வருந்தினேன். எல்லாம் சரியாகிவிடும்.

தாங்கள் கேட்ட அந்த இரண்டு வரியை இப்போது எழுதுவது உசிதமாக இராது. காரணம் சொல்கிறேன். எங்கள் கயிற்றுப் பட்டறை முதலாளியின் மகள் ஹெஸ்டரை எனக்குப் பேசி முடித்திருக்கிறார்கள். வசந்த காலத்தில் கயிறு திரிப்போர் சங்கத்தில் என்னையும் முதலாளியாகச் சேர்த்துக்கொள்வார்கள். அதற்கு நம் ஊரிலிருந்து ஒரு பொறுப்புச் சீட்டு வர வேண்டும். நான் நாளைக்கு நொடித்துப்போனால் லேர்டைக் என்னைத் திரும்ப ஏற்கும், ஆம்ஸ்டர்டாம் தலையில் கட்டாது என்று எழுதிய சீட்டு. அதைத் தருவதும் தங்களுக்கு ரொட்டி தரும் அதே மேலாளர்கள்தான். அது கைக்கு வரும்வரை தயவுசெய்து என் பெயரை அங்கே எடுக்க வேண்டாம்.

வேதாகமம் அங்கே இருப்பது ஆபத்து. கம்பளியில் சுற்றி இழுவைப் படகுக்காரர் டீவெஸிடம் கொடுத்தனுப்புங்கள். என்னிடம் பத்திரமாக இருக்கும். பிறப்புகளை எழுதி வைத்த முதல் தாள் இன்னும் கிழியாமல் இருக்கிறதா? அதையும் எழுதுங்கள்.

இன்னொன்று. கடிதங்களைப் பட்டறைக்கு அனுப்பாதீர்கள், படகுத்துறைச் சாராயக்கடைக்கு அனுப்பினால் போதும். கடிதத்தில் "வீட்டிருப்போர்" என்ற சொல்லையும் எழுத வேண்டாம். இங்கே அதற்கு என்ன பொருள் என்று தங்களுக்குத் தெரியாது. கயிறு ஒழுங்காக முறுக்காதவனைப் பார்த்து முதலாளி அந்தச் சொல்லைத்தான் எறிவார். சோம்பேறி, ஓசிச்சோறு, ஊரார் ரொட்டியில் உடம்பு வளர்ப்பவன், எல்லாம் அதற்குள் அடக்கம்.

பணிவுடன்,
கிரைன்


லேர்டைக்
20 நவம்பர் 1763

கிரைன்,

"தாங்கள்" யார்? எந்த ஊர்ச் சீமாட்டிக்கு எழுதிய கடிதத்தை எனக்கு மாற்றி அனுப்பினாய்? உனக்கு மூக்குத் துடைத்துவிட்டவள் நான். "நீ" என்றே எழுது.

நான் அந்தச் சொல்லை எழுதவே இல்லை, போய் என் கடிதத்தை எடுத்துப் பார். ஏழை இல்லம் என்றுதான் எழுதினேன். உன் மண்டைக்குள் அது ஓயாமல் ஓடுகிறது போலிருக்கிறது. சொல்லாததைக் கூடவா கேட்பாய்?

இப்போது எழுதுகிறேன், நன்றாகப் படி. வீட்டிருப்போர். ரோம்பௌட்டிடம் மறுபடி போயிருந்தேன். என்ன குற்றம் என்று சொல்லவில்லை, மனசு கேட்காமல் உட்காரவைத்து மோர்க்கஞ்சி கொடுத்தார். "இந்தப் பேரைச் சொல்லி எங்களைக் காறித் துப்புறாங்களே, இதை யாரு வெச்சா?" என்று கேட்டேன். பெட்டியைத் திறந்து ஒரு பழைய தோல் ஏட்டை எடுத்து வாசித்துக் காட்டினார்.

இல்லம் கட்டி முந்நூறு வருஷமாம். அப்போது வீட்டிருப்போர் என்றால் இந்த ஊரில் சொந்தமாக அடுப்பும் வாசற்படியும் உள்ளவர்கள், ஊர்க்காவலுக்கு முறை போட்டவர்கள். நோயோ சாவோ வந்து கவிழ்ந்தாலும் அடுத்தவர் வாசலில் கையேந்த வெட்கப்பட்டவர்கள். நாடோடிப் பிச்சைக்காரருக்குக் கையில் சிவப்புத் துணி கட்டி அடையாளம் வைத்தார்கள். வீட்டிருப்போருக்கு அது கூடாது, அவர்கள் மானமுள்ளவர்கள் என்று ஏட்டிலேயே எழுதியிருக்கிறது. ரொட்டியைக் கூடையில் மூடிப் பின்வாசல் வழியாகக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாது. அவர்கள் வீட்டில் இருப்பார்கள், ரொட்டி தேடி வரும். அதனால்தான் அந்தப் பெயர்.

"அப்புறம் என்னாச்சு?" என்றேன்.

"ஏழைங்க அதிகமாயிட்டாங்க, கூடை தூக்க ஆள் கொறைஞ்சு போச்சு. நீங்களே வந்து வாங்கிக்கோங்கன்னுட்டாங்க. வந்து நின்னாங்க. நின்னவங்களை ஊரே பார்த்துது. அவ்வளவுதான்" என்றார்.

ப்ளோனிடம் இதைச் சொன்னேன். ஆமாம், பேசிவிட்டேன். என் அடுப்பில் புகை வரவில்லை என்று அந்தக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, பேசாதவள் வீட்டுக்கு டர்னிப் கிழங்கோடு வந்து நின்றாள். "நல்ல கூத்துடி! வீட்டுல இருக்கறவங்கன்னு பேரு, வரிசையில நிக்கறதே பொழப்பு" என்று சிரித்தாள். காட்டிக்கொடுத்தவள் கிழங்கு கொண்டுவர மாட்டாள்.

அப்படியானால் யார்? அந்தப் புத்தகம் கட்டிலுக்கடியில் இருப்பது இரண்டே பேருக்குத் தெரியும். ஒருத்தி நான். இன்னொருவன் அதைப் படகில் ஏற்றி அனுப்பச் சொல்கிறான். வெள்ளிக் கொக்கி உன் கல்யாணச் செருப்பு வாரில் மாட்ட வேண்டுமா? என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டு, மேலாளர் கைப்பற்றுமுன் நீ எடுத்துக்கொள்ளப் பார்க்கிறாயா?

இல்லையென்று எழுது. நம்புகிறேன்.

யாக்கோமைன்


ஆம்ஸ்டர்டாம்
5 டிசம்பர் 1763

அக்கா,

உன் கடிதத்தைப் படித்ததும் சாப்பிட முடியவில்லை. என்னைத் திருடன் என்கிறாய். நானும் ஒன்று கேட்கிறேன். புத்தகத்தை அனுப்பு என்றால் அனுப்புவதற்கு என்ன? அது உன்னிடம் இன்னும் இருக்கிறதா, அல்லது கொக்கியை எப்போதோ விற்றுத் தின்றுவிட்டு என் மேல் பழி போடுகிறாயா? முதல் தாளைப் பற்றிக் கேட்டதற்கு நீ பதிலே எழுதவில்லை, அதை நானும் கவனித்தேன்.

அம்மா மேல் ஆணையாக, புத்தகத்தைப் பற்றி நான் மூச்சு விடவில்லை. உன்னைப் பற்றியே இங்கே ஒருவரிடமும் வாய் திறந்ததில்லை. ஹெஸ்டரிடம் கூட.

டீவெஸ் படகில் ஒரு மூட்டை பட்டாணியும், புனித நிக்கோலாஸ் நாளுக்கு ஒரு இஞ்சி ரொட்டிப் பொம்மையும் அனுப்பியிருக்கிறேன். யார் அனுப்பியது என்று கேட்டால் தெரியாது என்று சொல்லிவிடு. கிளம்பி இங்கே வந்துவிடாதே. மேலாளர்கள் கூப்பிட்டால் குறைவாகப் பேசு.

கிரைன்


லேர்டைக்
11 டிசம்பர் 1763

கிரைன்,

கூப்பிட்டார்கள். குறைவாகத்தான் பேசினேன்.

நீண்ட மேசை, பச்சைத் துணி, ஐந்து பேர். நடுவில் ஸ்லோட்டர் ஐயா. நான் நின்றேன். கட்டிலுக்கடியில் இருப்பதைக் கேட்கப்போகிறார்கள் என்று பதிலை மனசுக்குள் அடுக்கிக்கொண்டேன். அவர் புத்தகத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"உனக்கு ஆம்ஸ்டர்டாம்ல தம்பி இருக்கான்னு எழுதிக் கொடுத்திருக்கே. கிரைன். சரியா?"

"சரிங்கய்யா."

"இதைப் பாரு" என்று ஒரு காகிதத்தைத் தள்ளினார்.

உன் எழுத்து. "கி"யின் வால் கீழே சுழிந்துபோகுமே, நான் சாம்பலில் விரல் பிடித்துச் சொல்லிக்கொடுத்தது, அப்படியே இருந்தது. பொறுப்புச் சீட்டுக்கு நீ எழுதிய விண்ணப்பம். "தாய் தந்தை இறந்துவிட்டனர். உடன்பிறந்தோர் எவருமில்லை. வீட்டிருப்போர் பட்டியலில் எனக்கு உறவென்று ஒருவரும் கிடையாது. இது சத்தியம்." கீழே கையெழுத்து.

"அவன் கையை உயர்த்திச் சத்தியம் பண்ணியிருக்கான். ஒண்ணு அவன் பொய், இல்ல நீ பொய். யாரும்மா?" என்றார்.

தெருவில் கேளுங்கள் என்றேன். தெரு முழுக்க ரொட்டி வாங்குபவர்கள், வாங்குபவர் சாட்சியும் இல்லத்துச் சம்பளக்காரர் சாட்சியும் செல்லாது என்றார். தேவாலயத்து ஞானஸ்நானப் பதிவேடும் அம்மா காலத்து ரொட்டிப் பட்டியலும் அணை உடைந்த வருஷம் தண்ணீரில் போய்விட்டன. "எழுத்துல ஏதாவது ஆதாரம் இருக்கா?" என்றார். அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. முதல் தாள்! அம்மா கையால் எழுதியது. என் பெயர், அதற்குக் கீழே உன் பெயர். வெள்ளிக்காகவா நீ துடித்தாய்? வெள்ளியாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் கிரைன். திருடனை மன்னித்துவிடலாம்.

இரண்டு வாரம் அவகாசம் கேட்டிருக்கிறேன். தாளைக் காட்டினால் எனக்கு ரொட்டி. ஒளித்துவைத்த குற்றத்துக்குப் புத்தகம் போகும், போகட்டும். உனக்குச் சீட்டும் இல்லை, சங்கமும் இல்லை, பொய்ச்சத்தியக்காரன் என்ற பேர்தான்.

எழுது. இந்தத் தடவை உண்மையை எழுது.

யாக்கோமைன்

பட்டாணி கல் மாதிரி இருக்கிறது. வேகவைக்க எரிமண் இல்லை.


ஆம்ஸ்டர்டாம்
16 டிசம்பர் 1763

அக்கா,

உண்மைதான். நான்தான் எழுதினேன்.

உன் ரொட்டியில் கை வைப்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மேலாளர்கள் ஒன்றுதான் என்றாலும் சீட்டுக்கு ஒரு கட்டு, ரொட்டிக்கு ஒரு ஏடு, இந்தக் காகிதத்தை அந்த ஏட்டோடு யார் ஒப்பிட்டுப் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். உன் முதல் கடிதத்திலேயே என்ன நடந்தது என்று புரிந்துவிட்டது. அப்போதே ஒப்புக்கொள்ளாததுதான் பெரிய பாவம். உன்னைச் சந்தேகப்படுவது போல எழுதியதும் வேண்டுமென்றே செய்ததுதான்.

ஏன் என்று கேட்பாய். அப்பா போன பிறகு சனிக்கிழமைகளில் இல்லத்து ரொட்டியை நான்தானே சட்டைக்குள் மறைத்துக் கொண்டுவருவேன். அதில் இல்லத்து முத்திரை வெந்து பதிந்திருக்கும். மீன் சந்தை முனையில் தெருப் பையன்கள் என் சட்டையைத் தூக்கிப் பார்த்து, "வீட்டிருப்பான், வீட்டிருப்பான், எழுந்து நில்லுடா" என்று கத்துவார்கள். முத்திரையைச் சுரண்டிவிட்டுத்தான் உன்னிடம் கொடுப்பேன். எலி கடித்துவிட்டது என்று சொல்வேன். உனக்கு ஞாபகம் இருக்கும்.

ஹெஸ்டரைப் பேசி முடித்த அன்றைக்கு முதலாளி தன் வீட்டு விருந்தில், "என் பொண்ணைக் கட்டுறவன் குடும்பத்துல ஒரு வீட்டிருப்பவன் இருக்கக்கூடாது, அந்தக் குணம் ரத்தத்துல ஓடும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் அக்கா. மறுநாள் காலை விண்ணப்பத்தை எழுதினேன்.

தாளைக் காட்டிவிடு. ஆனால் காட்டுமுன் எனக்கு ஒரு வரி எழுது, அதற்குள் நான் ஹெஸ்டரிடம் சொல்லிவிடுகிறேன். இல்லை, சொல்வேனா என்று தெரியவில்லை. இந்தக் கடிதத்தை வேறு யாராவது படித்தார்களா? அரக்கு உடையாமல் வந்ததா? பார், இப்போதும் இதைத்தான் கேட்கிறேன்.

உன் கிரைன்


லேர்டைக்
24 டிசம்பர் 1763

கிரைன்,

அரக்கு உடையாமல்தான் வந்தது.

எலி கடித்தது என்றால் நான் நம்பினேன் என்றா நினைத்தாய்? ரொட்டியில் எலி வட்டமாகக் கடிக்குமா? ஒன்றும் கேட்காமல் அந்தப் பக்கத்தை நான் தின்பேன்.

நேற்று முன்தினம் பச்சைத் துணி மேசைக்கு மறுபடி போனேன். வேதாகமத்தைத் துணியில் சுற்றி எடுத்துப்போய் மேசைமேல் வைத்தேன்.

"இதை ஒளிச்சு வெச்சிருந்தேன். இன்னொண்ணும் இருக்குங்கய்யா. எனக்குத் தம்பி இல்ல. எனக்கும் ஒரு துணை இருக்கிற மாதிரி இருக்கட்டும்னு பொய் சொன்னேன்" என்றேன்.

சொல்வதற்குக் கஷ்டமாக இருக்கும் என்று பயந்துதான் போனேன். இல்லை. உன் முதல் இரண்டு கடிதங்களைப் படித்தவளுக்கு, தம்பி இல்லை என்பது பழகிப்போயிருந்தது.

ஸ்லோட்டர் ஐயா புத்தகத்தைப் பிரித்தார். "மொத தாள் கிழிஞ்சிருக்கே?"

"குளிருக்கு அடுப்பு மூட்ட எடுத்தேங்கய்யா."

"வேதாகமத்தையா?" என்று ஐந்து பேரும் என்னைப் பார்த்த பார்வையை உனக்கு எழுதிக் காட்ட முடியாது. ரோம்பௌட் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு எழுதிக்கொண்டிருந்தார். உன்னைச் சிறுவயதில் தூக்கி வைத்திருந்தவர் அவர். நான் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார்.

தண்டனை இது. ஈஸ்டர் வரை பாதி ரொட்டி. பொய் சொன்னவள் மானமுள்ளவள் ஆகமாட்டாள் என்பதால், நாடோடிகளுக்குக் கட்டும் சிவப்புத் துணியை வெளியே வரும்போதெல்லாம் என் வலது சட்டைக்கையில் தைத்துக்கொள்ள வேண்டும். ஊரில் இதற்குமுன் எந்த வீட்டிருப்பவளுக்கும் அதைப் போட்டதில்லையாம். புத்தகத்தைக் கொடுத்ததால் எரிமண் தருகிறார்கள். இன்று ரொட்டி வந்துவிட்டது, அடுப்பு எரிகிறது, உன் பட்டாணி வெந்துகொண்டிருக்கிறது. ப்ளோன் துணியைப் பார்த்து அழுதாள். பிறகு தையல் கோணலாக இருக்கிறது என்று பிரித்து, நேராகத் தைத்துவிட்டாள்.

உன்மேல் இரக்கப்பட்டுச் செய்தேன் என்று நினைக்காதே. எனக்கு உன்மேல் கோபம் கொதிக்கிறது. ஆனால் இரண்டு பேரில் ஒருவர் பொய்யர் என்று ஊர் எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், எனக்கு இனி இழக்க ஒரு பேர் இல்லை. உனக்கு இருக்கிறது. உன் சீட்டு அடுத்த படகில் வரும்.

தாள் இத்துடன் இருக்கிறது. உன் பெயரை மட்டும் வெட்டி அனுப்பலாம் என்று கத்தரிக்கோலை எடுத்தேன். அம்மா இரண்டையும் நெருக்கி எழுதியிருக்கிறாள், நடுவில் கத்தரிக்கோல் போக இடமில்லை. முழுசாகவே வைத்துக்கொள். எரிப்பதென்றால் நீயே எரி. ஹெஸ்டரிடம் காட்டுவதென்றாலும் நீயே காட்டு.

இனி சாராயக்கடைக்கு எழுத மாட்டேன். உனக்கு எப்போதாவது அக்கா இருந்தால் வா. பகலில், முன்வாசல் வழியாக வா. நான் எங்கே போய்விடப்போகிறேன், வீட்டில்தான் இருப்பேன்.

யாக்கோமைன்